ஏற்ற மறுத்த பெட்டி

ரமாபாய்க்கு என்ன வேலை என்று கேட்டால் வியாசர்பாடி ஹவுசிங் போர்டில் எல்லாரும் 'ஏர்போர்ட்ல வேலை' என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். அதற்கு மேல் யாருக்கும் தெரியாது. விமானத்தில் பறக்கிறவள் என்று நினைத்தவர்கள் சிலர். கக்கூஸ் கழுவுகிறாள், சொல்ல வெட்கப்படுகிறாள் என்று நினைத்தவர்கள் அதைவிட அதிகம். இரண்டும் இல்லை. மீனம்பாக்கத்துச் சரக்குக் கொட்டகையில் ஆபத்தான சரக்குக்கென்று தனியாக ஒரு கவுன்டர் இருந்தது. ஆசிட், பெயின்ட், பேட்டரி, கதிரியக்கப் பொருள் என்று வருகிறவற்றைப் பார்த்து, இது விமானத்தில் ஏறலாம், இது ஏறக்கூடாது என்று சொல்வதற்காக அவள் அங்கே உட்கார்ந்திருந்தாள்.

பி.எஸ்ஸி. பிசிக்ஸ் படித்தவள். குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள். அவளைப் படிக்க வைத்தது அக்கா தாயம்மா. தாயம்மா ஒன்பதாவதோடு நின்றுவிட்டு, எண்ணூர் அனல்மின் நிலையத்து கேன்டீனில் கான்ட்ராக்ட் சமையல் வேலைக்குப் போனாள். கல்யாணமாகி எர்ணாவூருக்குப் போன பிறகும் தங்கையின் பீஸ் அவள் கையிலிருந்துதான் வந்தது.

படிப்பு முடிந்ததும் ரமாபாய் பல இன்டர்வியூக்களுக்குப் போனாள். எந்த ஏரியா என்று கேட்பார்கள். வியாசர்பாடி என்றதும் கேட்டவர் முகத்தில் ஒரு கதவு சாத்திக்கொள்ளும். பிறகு கேட்கிற கேள்விகளெல்லாம் ஒப்புக்குத்தான். பெரம்பூரில் வாடகைக்கு வீடு பார்த்தபோதும் அதுதான் நடந்தது. புரோக்கர் சாவியைக் கையில் எடுத்துவிட்டார். அவள் போனின் பின்பக்கம் ஒட்டியிருந்த நீலக்கோட்டுப் படத்தைப் பார்த்துவிட்டு, ஓனர் மகன் ஊரிலிருந்து வருவதாக இப்போதுதான் ஞாபகம் வந்தது என்றார். காரணம் என்று யாரும் எதையும் வெளிப்படையாகச் சொன்னதில்லை. சொன்னால் சண்டையாவது போடலாம்.

அதனால்தான் சரக்குக் கம்பெனியில் சேர்ந்து அந்தத் தடித்த விதிப் புத்தகத்தை முதன்முதலாகக் கையில் வாங்கியபோது அவளுக்கு அது பிடித்துப்போனது. மற்றவர்கள் அதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார்கள். அவளுக்கு அது வேறு மாதிரித் தெரிந்தது. அதில் ஏரியா இல்லை, ஆள் இல்லை. கதிரியக்கப் பெட்டி என்றால் எதிரெதிராக இரண்டு பக்கத்திலும் மூன்றிதழ் விசிறிப் படம் போட்ட லேபிள் இருக்கவேண்டும். உள்ளே என்ன பொருள், அதன் வீரியம் எவ்வளவு என்று எழுதியிருக்கவேண்டும். ஒரு மீட்டர் தள்ளி நின்று அளந்தால் எவ்வளவு கதிர் வெளியே வருகிறது என்பதற்கு ஒரு எண் உண்டு. அந்த எண்ணைப் பொறுத்து, மேலே பயணிகள் உட்காரும் தளத்திலிருந்து எவ்வளவு விலக்கி வைப்பது என்று கணக்கு. உயிருள்ள பிராணி பக்கத்தில் இருந்தால் அதற்கும் ஒரு இடைவெளி. பெட்டியின் மூலை நசுங்கியிருந்தால் திருப்பி அனுப்பு. ஒரு லேபிள் கிழிந்திருந்தால் திருப்பி அனுப்பு. கொண்டுவந்தவன் மந்திரிக்குச் சொந்தமாக இருந்தாலும் சரி, கூலிக்காரனாக இருந்தாலும் சரி.

ரமாபாய் திருப்பி அனுப்பினாள். குரலை உயர்த்தாமல், முகத்தைச் சுளிக்காமல், இந்த இடத்தில் இது குறைகிறது என்று புத்தகத்தில் விரல் வைத்துக் காட்டித் திருப்பி அனுப்பினாள். ஏஜென்டுகள் கெஞ்சுவார்கள், ஆஸ்பத்திரியில் ஆள் காத்திருக்கிறது என்பார்கள். சரிசெய்து நாளைக்குக் கொண்டுவாருங்கள் என்பாள். அவளுக்கு மேலே சூப்பர்வைசராக இருந்த ஆன்றோ, ராயபுரத்தில் வளர்ந்தவர், பூர்வீகம் நாசரேத் பக்கம். ரமா கையெழுத்துப் போட்ட பெட்டியைக் கண்ணை மூடிக்கொண்டு ஏற்றலாம் என்று அவரே மற்றவர்களிடம் சொல்வார். அந்தப் பேச்சு அவளுக்கு இனித்தது என்பதை மறைப்பதற்கில்லை.

தாயம்மாவின் கழுத்தில் இருந்த கட்டியை முதலில் பார்த்தது அவள் புருஷன் ஜெயவேல். சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் பாரம் ஏற்றுகிறவர். ஒரு நாள் வேலை முடிந்து வந்து சாப்பிட உட்கார்ந்தவர், சோறு போட்டவளின் தொண்டை ஒரு பக்கம் உப்பியிருப்பதைக் கவனித்தார். பெரியாஸ்பத்திரியில் ஆபரேஷன் நடந்தது. தைராய்டை முழுக்க எடுத்துவிட்டார்கள். எடுத்ததைச் சோதித்துப் பார்த்ததில் புற்றுநோய், அதிலும் வேகமாகப் பரவுகிற வகை என்று வந்தது. கத்திக்கு அகப்படாத செல்கள் எங்காவது ஒட்டிக்கொண்டிருக்கும், கதிரியக்க அயோடின் கொடுத்து அவற்றை எரிக்கவேண்டும் என்று தென்சென்னையில் ஒரு தனியார் மருத்துவமனைக்கு எழுதிக் கொடுத்தார்கள்.

ஜெயவேலுக்குக் கதிரியக்கம் என்ற சொல்லே பயமாக இருந்தது. ரமாபாய்தான் எர்ணாவூருக்குப் போய் இரண்டு பேரையும் உட்கார வைத்து விளக்கினாள். அந்தச் செல்லுக்கு அயோடின் என்றால் உயிர். எங்கே இருந்தாலும் தேடிப் பிடித்துத் தின்னும்.

"எலிக்கு மசால்வடைல மருந்து வெக்கிறோம்ல மாமா, அத்த மாதிரிதான். அதுவா வந்து துன்ட்டு அதுவா சாவும்" என்றாள்.

தாயம்மா சிரித்துவிட்டாள். ஆபரேஷனுக்குப் பிறகு அவள் குரல் கரகரத்திருந்தது. அந்த மருந்து எங்கேயிருந்து வருகிறது என்று கேட்டாள். மும்பையில் அணு உலையில் செய்து வாரத்துக்கு ஒரு முறை விமானத்தில் வருகிறது, தன்னுடைய கொட்டகைக்குத்தான் வந்து இறங்கும் என்று ரமாபாய் சொன்னாள். அப்படியென்றால் நம் வீட்டுப் பெட்டிதான் என்றாள் தாயம்மா.

மருந்துக்கு முன்னால் உடம்பை அயோடினுக்கு ஏங்க வைக்கவேண்டும். அதற்காக ஒரு மாதம் தைராய்டு மாத்திரையை நிறுத்தச் சொன்னார்கள். முட்டை, பால், அயோடின் உப்பு கூடாது, கடல் மீன் கூடவே கூடாது. நெத்திலி இல்லாமல் ஒரு நாள் சோறு இறங்காத வீடு அது. தாயம்மா கல்லுப்பு வாங்கி வந்து தனக்கு மட்டும் தனியாகச் சமைத்துக்கொண்டாள். மாத்திரை இல்லாமல் உடம்பு மெல்ல மெல்ல அணைகிற அடுப்பு மாதிரி ஆனது. முகம் ஊதியது. மலச்சிக்கல், மறதி, ஓயாத தூக்கம். கொளுத்துகிற வெயிலில் மகளுடைய ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு கேன்டீனுக்குப் போனாள். குறிப்பிட்ட நாளன்று ஜெயவேல் வேலைக்கு லீவு போட்டுவிட்டு அவளை மருத்துவமனைக்கு அழைத்துப் போனார். ஈயம் பதித்த சுவர்களுக்குள் அவளுக்கென்று ஓர் அறை தயாராக இருந்தது. அங்கே அந்த மருந்தைக் கொடுக்கிற பெண் மகிமா, அன்பானவள், தாயம்மாவுக்கு எல்லாவற்றையும் இரண்டு முறை சொன்னாள்.

பெட்டி வரவில்லை.

ரமாபாய் மும்பைக்குப் போன் போட்டாள். அங்கே அதே வேலையைப் பார்க்கிற சௌக்கத் அலி ஆம்பூர்க்காரர். இத்தனை வருடமாகப் போனில் பழக்கம், நேரில் பார்த்ததில்லை. யாரோ ஒரு பயணி தன் நாயைக் கூண்டில் கொண்டுவந்திருக்கிறார், அது சரக்கறையில் ஏறியிருக்கிறது, நாயும் கதிரியக்கப் பெட்டியும் ஒன்றாகப் போகக்கூடாது என்று ஏற்றுகிறவர்கள் பெட்டியை இறக்கிவிட்டார்கள் என்றார்.

போகலாம், அரை மீட்டர் விட்டு வைத்தால் போதும் என்றாள் ரமாபாய். தெரியும், ஆனால் அந்த நேரத்தில் நாடாவை எடுத்து அளக்க யாருக்கும் பொறுமையில்லை என்றார் அவர். நாய் சரியான நேரத்துக்குச் சென்னையில் வந்து இறங்கியது. ரமாபாயே போய்ப் பார்த்தாள். நல்ல சாதி நாய். நீளக் காது, ஈர மூக்கு. சொந்தக்காரர் கூண்டின் முன்னால் மண்டிபோட்டு அதனோடு கொஞ்சிப் பேசிக்கொண்டிருந்தார்.

பெட்டி வாரக்கடைசியெல்லாம் மும்பையிலேயே கிடந்து, பிறகு வந்தது. அந்த அயோடின் எட்டு நாளில் பாதியாகிற சாமான். யார் காத்திருந்தாலும் காத்திருக்காவிட்டாலும் அது பாட்டுக்குக் கரைந்துகொண்டிருக்கும். வந்து சேர்ந்தபோது டாக்டர் கேட்ட வீரியம் அதில் இல்லை. அரைகுறையாகக் கொடுக்க அவர் விரும்பவில்லை. அறைகளோ இரண்டுதான் இருந்தன, அடுத்தடுத்த வாரங்களுக்கு வேறு ஆட்கள் காத்திருந்தார்கள். மூன்று வாரம் கழித்து ஒரு தேதி கொடுத்தார்கள். அதுவரைக்கும் மாத்திரையைத் தொடவேண்டாம் என்றும் சொன்னார்கள், இவ்வளவு நாள் பட்ட பாடு வீணாகக்கூடாதே என்று.

அந்த மூன்று வாரத்தில் தாயம்மா ஒரு நாள் கேன்டீனில் எண்ணெய்ச் சட்டியை அடுப்பில் வைத்துவிட்டு நின்ற இடத்திலேயே தூங்கிப்போனாள். தீப்பிடித்துக்கொண்டது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் கான்ட்ராக்டர் மறுநாள் அவளை உள்ளே விடவில்லை. கேன்சர் என்று கேள்விப்பட்டதும் பெண்கள் சிலர் கேட்டுக்கு வெளியே வந்து அழுதார்கள். உள்ளே போய் அவளுக்காக ஒரு வார்த்தை பேசியவர் யாருமில்லை. அவர்களும் கான்ட்ராக்ட்தான்.

இரண்டாம் முறை ரமாபாய் எதையும் விதியின் கையில் விடவில்லை. சௌக்கத் அலியிடம் முன்கூட்டியே பேசினாள். லேபிள், அளவு, தாள் எல்லாம் இரண்டு முறை சரிபார்த்தாயிற்று, அன்றைக்கு நாய் பூனை எதுவும் இல்லை என்று அவரும் உறுதி சொன்னார். பெட்டி விமானத்தடிக்குப் போயும்விட்டது. அரை மணி நேரத்தில் அவரே கூப்பிட்டார்.

"மேடம், கேப்டன் வேணாம்னுட்டார்."

"இன்னா காரணம்?"

"காரணம் சொல்லல. தாளப் பார்த்தார், இது என் பிளைட்ல வேணாம்னார். எறக்கிட்டோம்."

"பெட்டி சரியாத்தானே இருக்குது? எல்லாம் சரின்னு சொன்னீங்களே. அப்புறம் அவர் எப்பிடி..."

சௌக்கத் அலி மெதுவாகக் கேட்டார். "உங்க ஷிப்ட்ல கேப்டன் வேணாம்னா, நீங்க ஏன்னு கேப்பீங்களா மேடம்?"

கேட்டதில்லை. அவளுக்கு அது தெரியும். அவள் கவுன்டரில் எல்லாம் சரியென்று ஏற்றுக்கொண்ட பெட்டிகளைக்கூட விமானிகள் எத்தனையோ முறை இறக்கச் சொல்லியிருக்கிறார்கள். விமானத்துக்கு அவர்தான் தலைவர், கடைசி வார்த்தை அவருடையது. இறக்கிய பெட்டி மறுபடி கொட்டகைக்கு வரும். அவள் அதற்கென்று இருக்கிற கம்பிக்கூண்டில் வைத்துப் பூட்டிவிட்டு அடுத்த பெட்டியைப் பார்ப்பாள். கேள்வி கேட்கவேண்டும் என்று அவளுக்குத் தோன்றியதே கிடையாது. கேட்கிற இடம் அந்தப் புத்தகத்தில் இல்லை என்றுதான் வைத்திருந்தாள்.

மருத்துவமனை வாசலில் ஜெயவேல் அவளுக்காக நின்றிருந்தார். தாயம்மா உள்ளே பெஞ்சில் சாய்ந்து வாய் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள். ஊதிப்போன அந்த முகம் யாரோ ஒருத்தியின் முகம் போல இருந்தது. டாக்டர் இதயத் துடிப்பைப் பார்த்துவிட்டு, இனிமேல் மாத்திரை இல்லாமல் வைத்திருப்பது ஆபத்து, உடனே தொடங்குங்கள், உடம்பு தேறட்டும், பிறகு முதலிலிருந்து ஆரம்பிக்கலாம் என்றார்.

மாத்திரை மறுபடி உள்ளே போனதும் தாயம்மா கொஞ்சம் கொஞ்சமாகத் தாயம்மாவாக ஆனாள். வீக்கம் வடிந்தது. ஞாபகம் திரும்பியது. தெருமுனையில் ஓர் இட்லிக் கடை போட்டாள், மகள் மலர் கூடமாட உதவினாள். பல மாதத்துக்குப் பிறகு வஞ்சிரம் வாங்கிக் குழம்பு வைத்ததாகப் போனில் சொன்னாள். மருத்துவமனையிலிருந்து மூன்றாம் முறைக்குத் தேதி வந்தபோது ரமாபாய்தான் அதை எடுத்துக்கொண்டு எர்ணாவூருக்குப் போனாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். காற்று அனல்மின் நிலையத்துப் பக்கமிருந்து அடித்தது. கொடியில் காய்ந்த துணிகளை மலர் உதறி உதறி எடுத்துக்கொண்டிருந்தாள், சாம்பல் உதிர்ந்தது.

தேதியைச் சொன்னதும் தாயம்மா தலையை ஆட்டினாள்.

"வேணா ரமா. நான் வர்ல."

"இந்தத் தபா ஒண்ணியும் ஆவாதுக்கா. நான் பேசிக்கினு கீறேன்."

"போன தபாவும் பேசிக்கினுதான் இருந்த. மாத்திரைய நிறுத்து, மாத்திரைய நிறுத்துன்னு சொல்றீங்களே, அந்த ரெண்டு மாசம் நான் எங்க இருந்தேன்னு உங்களுக்குத் தெரியுமா? மலரு பேரே எனக்கு மறந்துபூட்ச்சு ஒரு நாளு. பெத்த பொண்ணு பேரு. அத்த எதிர்ல வெச்சிக்கினு, இவ யாருன்னு முழிச்சிக்கினு நிக்கிறேன். அதுக்கு சாவே மேலு."

ஜெயவேல் ஏதோ சொல்ல வாயெடுத்தார். தாயம்மா அவரைக் கையமர்த்தினாள். அந்தப் பெட்டிக்கு எத்தனை ரூல் என்று நீயே சொல்லியிருக்கிறாய் என்றாள் தங்கையிடம். மஞ்சள் லேபிளாம், இத்தனை அடி தள்ளி வைக்கணுமாம், நாய்க்குப் பக்கத்தில் வைக்கக்கூடாதாம்.

"இதோ எங்க தலைல கொட்டுதே சாம்பலு, இதுக்கு எவனாவது ஒரு லேபிளு ஒட்னானா? இத்தினி அடி தள்ளி எங்கள வெக்கணும்னு எவனாவது அளந்தானா? நாய்க்கு அளக்கிறான்."

ரமாபாய் மருந்தைப் பற்றியே திரும்பத் திரும்பப் பேசினாள். இப்போது விட்டால் பரவிவிடும் என்றாள். பயமுறுத்தினாள், கெஞ்சினாள், கடைசியில் கோபத்தில், நீ படிக்காதவள், உனக்கு இதெல்லாம் புரியாது என்று சொல்லிவிட்டாள். சொன்ன மறு நொடியே நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஆனால் வார்த்தை போய்விட்டது.

தாயம்மா கோபப்படவில்லை.

"நீ படிச்சவதான். நான்தானே படிக்க வெச்சேன். ஒண்ணு கேக்கிறேன், சொல்லு. இத்தினி வருசத்துல எத்தினி பொட்டிய நீ திருப்பி அனுப்பிகீற? அந்தப் பொட்டிக்காரங்க வூட்ல இன்னா ஆச்சுன்னு ஒரு நாளாவது கேட்டுகீறியா?"

ரமாபாய் எழுந்து வந்துவிட்டாள். வழியில் பஸ்ஸில், தான் திருப்பி அனுப்பியவற்றுக்கெல்லாம் காரணம் இருந்தது, தான் யாரையும் சும்மா அனுப்பவில்லை என்று தனக்குத்தானே வாதாடிக்கொண்டே வந்தாள். கிழிந்த லேபிளைக் கிழிந்தது என்றுதானே சொன்னேன். அது உண்மைதான். ஆனால் அக்கா கேட்டது அதையல்ல.

அக்கா மனசு மாறிவிடுவாள் என்ற நம்பிக்கையில் அவள் மருத்துவமனையில் அந்த நாளை ரத்து செய்யச் சொல்லவில்லை. ஜெயவேலிடம் தினமும் பேசினாள். அவர், நான் என்ன பண்ணட்டும், தூக்கிக்கினா வர முடியும் என்று அழுதார். மாத்திரையை நிறுத்தவேண்டிய நாள் வந்தது, தாயம்மா நிறுத்தவில்லை.

பெட்டி வந்தது. அந்த முறை நாய் இல்லை, மறுக்கிற கேப்டன் இல்லை, விமானம் தாமதம்கூட இல்லை. காலையில் விமானத்திலிருந்து இறங்கி, தள்ளுவண்டியில் ஆடி ஆடிக் கொட்டகைக்குள் வந்தது. மூலை நசுங்காத பெட்டி. இரண்டு பக்கமும் லேபிள் ஒட்டி, அதில் எழுத்துக்கள் அச்சடித்தது போலத் தெளிவாக இருந்தன. ரமாபாய் அதன் முன்னால் போய் நின்றாள். இப்படியொரு குறையில்லாத பெட்டியை அவள் அதிகம் பார்த்ததில்லை. மருத்துவமனையிலிருந்து வேன் வந்து எடுத்துக்கொண்டு போனது. பேஷன்ட் எங்கே என்று மகிமா போன் செய்தபோது, வரமாட்டாங்க என்று மட்டும் சொன்னாள். மாத்திரையை நிறுத்திக் காத்திருக்கிற வேறு ஆள் அன்றைக்கு யாரும் இல்லை. அந்த அயோடின் ஈயப் பெட்டகத்துக்குள் கிடந்து பாதியாகி, பாதியில் பாதியாகி, ஒன்றுமில்லாமல் போனது.

ஒரு வருடம் தாயம்மா நன்றாகத்தான் இருந்தாள். இட்லிக் கடையில் கூட்டம் சேர்ந்தது. அக்காவும் தங்கையும் சண்டையைப் பற்றிப் பேசவில்லை. பேசாமலே பழையபடி ஆனார்கள். ரமாபாய் அங்கே போனால் தாயம்மா தட்டில் இட்லியை அடுக்கிக்கொண்டே இருப்பாள். தான் பயந்தது வெறும் பயம்தானோ, அக்கா செய்ததுதான் சரியோ என்றுகூட அவளுக்குத் தோன்ற ஆரம்பித்தது. பிறகு இடுப்பு வலி என்றாள் தாயம்மா. மாவாட்டுகிற வலி என்று தைலம் தேய்த்தார்கள். ஒரு நாள் எழுந்திருக்க முடியவில்லை. படம் எடுத்துப் பார்த்தால் முதுகெலும்பில் மூன்று இடத்தில் இருந்தது. இப்போது அயோடின் தாருங்கள் என்று தாயம்மாவே கேட்டாலும் பிரயோஜனமில்லை, இந்தச் செல்கள் அயோடினைத் தின்பதை மறந்துவிட்டன என்றார் டாக்டர்.

அன்றைக்கே கொடுத்திருந்தால் என்று ரமாபாய் கேட்டாள். சொல்ல முடியாது என்றார் அவர். நோய் மருந்துக்குக் கேட்டிருக்கலாம், கேட்காமலும் போயிருக்கலாம், இந்த வகை அப்படி. ஆமாம், அதனால்தான் என்று யாராவது ஒருவர் சொல்லிவிட்டால் போதும் போல இருந்தது அவளுக்கு. யாரை நோவது என்றாவது தெரிந்திருக்கும். நாயைக் கொண்டுவந்தவனையா, நாடாவை எடுக்காதவனையா, முகம் தெரியாத அந்த கேப்டனையா, அக்காவின் பிடிவாதத்தையா? எதை எடுத்தாலும் பாதிதான் பொருந்தியது.

தாயம்மா மழைக்காலத்தில் இறந்துபோனாள். கடைசி வாரங்களில் வலி மருந்தில் மயங்கியே கிடந்தாள். யார் பேரையும் மறக்கவில்லை, அந்த மட்டும். மலரைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்துக்கொண்டாள்.

வேலைக்குத் திரும்பிய பிறகு ரமாபாய் முன்பு போலத்தான் இருந்தாள் என்று எல்லாரும் நினைத்தார்கள். புத்தகத்தில் விரல் வைத்துக் காட்டினாள், திருப்பி அனுப்பினாள். ஒரே ஒரு புதுப் பழக்கம் வந்திருந்தது. ஒரு கதிரியக்கப் பெட்டி திரும்பிப் போனால், அது எந்த ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டியதோ அங்கே மாலையில் போன் செய்து, யாருக்காக வந்தது, அவர்கள் என்ன ஆனார்கள் என்று கேட்பாள். ஆஸ்பத்திரிக்காரர்கள் பெரும்பாலும் சொல்லமாட்டார்கள். சிலர் எரிந்து விழுவார்கள். சில சமயம் யாராவது நல்ல மனசுக்காரர்கள் சொல்வார்கள். தேனியிலிருந்து வந்த ஒரு பெரியவர், திரும்பிப் போய்விட்டார். ஒரு டீச்சர், குழந்தையை அம்மாவிடம் விட்டுவிட்டு வந்திருந்தாள், அழுதுகொண்டே போனாள். கேட்டு என்ன செய்யப்போகிறாள் என்று அவளுக்கே தெரியாது. கேட்டாள்.

மதுரைக்குப் போகவேண்டிய ஒரு பெட்டியை அவள் ஏற்றுக்கொண்ட நாளில் அது நடந்தது. எல்லாம் சரியாக இருந்தது. விமானத்தடிக்குப் போன பெட்டி திரும்பி வந்தது, கேப்டன் வேண்டாம் என்றாராம். ரமாபாய் கம்பிக்கூண்டின் சாவியை எடுக்கவில்லை. பெட்டி வந்த வண்டியிலேயே ஏறி விமானத்துக்குப் போனாள். கேப்டன் இளவயதுக்காரர், படியருகே நின்று தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் ஆங்கிலத்தில், மரியாதையாகத்தான் கேட்டாள். பெட்டியில் என்ன குறை என்று சொன்னால் திருத்திவிடுகிறேன், குறையில்லை என்றால் ஏன் வேண்டாம் என்று ஒரு வரி எழுதித் தந்துவிடுங்கள் என்றாள்.

அவர் கோபப்படவில்லை. பெட்டியில் ஒன்றும் குறையிருப்பதாகத் தெரியவில்லை, இன்றைக்கு வேண்டாம் என்று நினைக்கிறேன், அவ்வளவுதான் என்றார். சிரித்தபடியே எழுதித் தர மறுத்துவிட்டார். அவள் நகரவில்லை. அந்தச் சிரிப்பு அவளுக்குத் தெரியும். பெரம்பூர் புரோக்கரும் சாவியைப் பைக்குள் போட்டபோது அப்படித்தான் சிரித்தார். விமானம் சில நிமிடம் தாமதமாகிக் கிளம்பியது. பெட்டி ஏறவில்லை.

மறுநாள் ஆன்றோ அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். கதவைச் சாத்திவிட்டு, தண்ணீர் பாட்டிலை அவள் பக்கம் நகர்த்தினார். விமானக் கம்பெனி எழுத்தில் புகார் கொடுத்திருக்கிறது, ஆஸ்பத்திரிகளுக்கெல்லாம் அவள் போன் செய்கிற விஷயமும் மேலே தெரிந்துவிட்டது என்றார்.

"நீ கேட்டது தப்புன்னு நான் சொல்லமாட்டேன் ரமா. ஆனா நமக்கு அது வேலை இல்ல பாத்துக்கோ. கேப்டன் வேண்டாம்னா வேண்டாம். ஏன்னு கேட்டா நாளைக்கு அந்தக் கம்பெனி நம்மகிட்ட சரக்கே குடுக்காது."

"எனக்கு ஒரு லேபிள் கிழிஞ்சிருந்தாலே காரணம் எழுதணும் சார். அவர் எழுதவேண்டாமா?"

"அவரு எழுதவேண்டாம்" என்றார் ஆன்றோ. அவருக்கும் அதைச் சொல்லப் பிடிக்கவில்லை என்பது தெரிந்தது. ஆனால் சொன்னார்.

அழுகும் சரக்குப் பிரிவுக்கு அவளை மாற்றினார்கள். தரையெல்லாம் ஐஸ் தண்ணீர், நாள் முழுக்க மீன் வாடை. சிங்கப்பூருக்குப் போகிற உயிர் நண்டுகள் அங்கேதான் வரும், கொடுக்கைச் சணலால் கட்டி, ஓட்டை போட்ட தெர்மகோல் பெட்டிகளில். பழவேற்காட்டிலிருந்தும் எண்ணூர்ப் பக்கமிருந்தும் வரும். அவற்றை எந்தக் கேப்டனும் வேண்டாம் என்று சொன்னதில்லை. ரமாபாய் பெட்டியைத் தூக்கிப் பார்த்து, உள்ளே அசைகிறதா என்று காது வைத்துக் கேட்டு, முத்திரை குத்துவாள்.

மாற்றி வந்த இரண்டாவது வாரத்தில் சௌக்கத் அலி அவள் செல்லுக்குக் கூப்பிட்டார். சென்னைக்கு வரவேண்டிய அயோடின் மறுபடியும் இறங்கிவிட்டது, கவுன்டர் நம்பரில் யாரோ புதிதாகப் பேசுகிறார், நீங்கள் லீவா என்று கேட்டார். தான் இப்போது அங்கே இல்லை என்றாள் ரமாபாய். அவர், சரி மேடம், வைக்கிறேன் என்றார்.

"எந்த ஆஸ்பத்திரிக்கு?" என்று கேட்டாள் ரமாபாய்.

அவர் சொன்னார். அது மகிமாவின் மருத்துவமனை. ஈரக் கையைச் சுடிதாரில் துடைத்துக்கொண்டு அவள் அந்த நம்பரைத் தேடினாள். எதிரே பெட்டிகளோடு ஏஜென்டுகள் வரிசையில் நின்று, நண்டு செத்துவிடும் மேடம், சீக்கிரம் என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மகிமா எடுக்கவில்லை. ரமாபாய் மறுபடி போட்டாள்.